முப்பத்தெட்டுப் பேரின் மூச்சு

கைதவறி, முதல் தொலைபேசிப் பதிவை மூடாமலே இரண்டாவதையும் ஓடவிட்டுவிட்டாள். அந்த மென்பொருளுக்கு ஒரு பழக்கம்: இரண்டு பதிவுகளைச் சேர்த்துத் திறந்தால், கடிகார நேரப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி இரண்டையும் ஒன்றாகவே பேசவிடும். இடது காதில் ஒரு ஆண் குரல் துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது. வலது காதில் ஒரு பெண் குரல் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பியது. மூச்சு இழுக்கும் இடத்தில் மட்டும் குழப்பமே இல்லை. ஒரே ஒரு மூச்சுதான் கேட்டது.

திரும்ப ஓடவிட்டாள். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள், சேர்ந்து விட்டார்கள். "உங்க புகாரைப் பதி" என்று சொல்லி, சொல் பாதியில் நிற்க, அந்த ஆண் மூச்சு வாங்கினார். அதே நொடியில் அந்தப் பெண்ணும். பிறகு "வு பண்ணிட்டேன் சார்" என்று நிதானமாக முடித்தார்.

வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்கு அதுதான் வேலை. முந்தின நாள் பேசியவர்களின் பதிவுகளைக் கேட்டு, பணிவு, பொறுமை, தெளிவு என்று கட்டம் கட்டமாக மதிப்பெண் போட வேண்டும். பதினேழு வருஷமாகக் கேட்கிறாள். யாருக்குச் சளி, யார் நேற்றிரவு அழுதார்கள், யார் மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசுகிறார்கள் என்பதுவரை சொல்லிவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'காது' என்றாகிவிட்டது.

ஒலிப்பதிவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் நின்றபடியே கேட்டார்.

"லைன் எதுவும் கலக்கல. ரெண்டும் தனித்தனி," என்றார். கொஞ்சம் நின்றார். மூச்சு இழுத்தார். "எனக்கு எந்த வித்தியாசமும் தெரியலையே, காது அக்கா."

திரையில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று அந்தப் பெண் இழுத்த இடமும் இன்று இவர் இழுத்த இடமும் ஒன்றாக விழுந்தது தற்செயல் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், குழுத் தலைவி ஒருத்தி ஹெட்போனை மாட்டியபடியே மேஜையில் சாய்ந்து போய்ச் சேர்ந்தாள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. எதிர்முனையில் இருந்த வாடிக்கையாளர் அது தெரியாமல் பதினொரு நிமிஷம் திட்டித் தீர்த்துவிட்டு வைத்தார். மறுநாள் அந்தப் பதிவும் வழக்கம்போல இவள் பட்டியலில் வந்து நின்றது. இதற்கு என்ன செய்வது என்று மேலாளரிடம் கேட்டாள். "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான், போட்டுடுங்க" என்றார் அவர். போட்டாள். பொறுமைக்குப் பத்துக்குப் பத்து.

அதற்கப்புறம்தான் மேலிடத்துக்கு ஊழியர்களின் உடம்பும் மனசும் ஞாபகம் வந்தன. ஆள் பற்றவில்லை, ஒருத்தர் தலையில் மூன்று பேர் வேலை விழுகிறது என்று எழுதிக்கொடுத்த மனுக்கள் அலமாரியில் தூங்கின. அதற்குப் பதிலாக, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அறையைக் காலி செய்து, ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்து, தரையில் சாம்பல் நிறக் கம்பளம் விரித்து, கதவில் 'அமைதி' என்று எழுதி ஒட்டினார்கள். சாப்பாட்டை அவரவர் மேஜையிலேயே முடித்துக்கொள்ளலாமாம். தினமும் மூன்று மணிக்கு அரை மணி நேரம் தியானம். அந்த நேரத்தில் கூப்பிடுபவர்களுக்குத் தொலைபேசியில் புல்லாங்குழல் கேட்கும். மனிதவள மேடம் இதை ஒரு கூட்டத்தில் அறிவித்தபோது 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்றாள். அந்தக் குடும்பத்தில் யாருடைய பெயரும் அவளுக்குத் தெரியாது. கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்துத்தான் கூப்பிடுவாள்.

சொல்லிக்கொடுக்க ஒருவரைக் கூட்டிவந்தார்கள். வெள்ளைப் பருத்திச் சட்டை, வழித்த தலை, வெண்ணெயில் வழுக்குவதுபோல ஒரு குரல். மூச்சு வாத்தியார் என்று எல்லோரும் வைத்த பெயர் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது. 'உங்க மூச்சை எங்கிட்ட குடுத்துடுங்க, நான் பார்த்துக்கறேன்' என்பார். நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. இதற்கு ஒரு வாத்தியாரா என்று நினைத்தாள் அவள். பிறந்ததிலிருந்து சம்பளம் வாங்காமல் செய்துவரும் வேலை இது ஒன்றுதான், அதையும் இவர்கள் மேற்பார்வை பார்க்க வேண்டுமா என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தாள். மதிப்பெண் பட்டியலை நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால் அவளை யாரும் கூப்பிடவில்லை. மற்ற முப்பத்தெட்டுப் பேரும் போனார்கள்.

தங்கை சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த அரை மணி தேவையாக இருந்தது. கணவன் விட்டுப் போனதிலிருந்து அக்காவோடுதான் இருக்கிறாள். இந்த வேலையும் அக்கா சொல்லி வாங்கிக்கொடுத்தது. யாராவது போனில் குரலை உயர்த்தினால் போதும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, கைவிரல் மரத்துப்போய் உட்கார்ந்துவிடுவாள். தியானத்துக்குப் போன மூன்றாம் வாரம் அது நின்றது. பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் தினமும் காலையில் ஒன்பது தும்மல் போடுவார், எண்ணிச் சிரிப்பார்கள். அதுவும் நின்றது. யாருக்கோ முதுகுவலி போயிற்று, யாருக்கோ ரத்த அழுத்தம் இறங்கிற்று. மேலாளர் இதையெல்லாம் கோடாக வரைந்து சுவரில் மாட்டினார். நோய் விடுப்புக் கோடு சரசரவென்று கீழே இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் பதிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள். மூன்று, ஏழு, இருபது. திரையில் குரல்கள் தாறுமாறாகக் கிறுக்கிக்கொண்டு ஓடின. நடுநடுவே, சீப்பின் பல் இடைவெளிபோல, எல்லாக் கோட்டிலும் ஒரே இடத்தில் வெள்ளை விழுந்தது. எல்லாவற்றையும் அடுக்கிச் சத்தத்தைக் கூட்டியபோது, பேச்செல்லாம் சந்தை இரைச்சலாகிப் பின்னுக்குப் போக, அந்த வெள்ளை இடங்களில் மட்டும் ஏதோ பெரிய உடம்பு ஒன்று காதுக்குப் பக்கத்தில் புரண்டு படுப்பதுபோல மூச்சு எழுந்து அடங்கியது.

ஹெட்போனைக் கழற்றினாள். கூடத்தில் எல்லோரும் தலைகுனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஹெட்போன் இல்லாமலும் அது கேட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடி. இரண்டாவது மாடியிலேயே அவளுக்கு வாய் பிளந்துகொண்டது. தங்கை இரண்டு கையிலும் பையோடு, காலடி வேகம் குறையாமல், முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு மாறவே இல்லை. நாலு. ஆறு. படியோடு அதற்குச் சம்பந்தமே இல்லாததுபோல.

"உனக்கு மூச்சு வாங்கலையா?"

"எதுக்கு வாங்கணும்?" என்றாள் தங்கை. பாதிப் படியில் நின்று, திரும்பி, பொறுமையாகப் பார்த்தாள். அந்தப் பொறுமை அவளுடையது இல்லை. சின்ன வயதில் ஒரு பென்சிலுக்காக அக்காவின் கையைக் கடித்தவள் அவள்.

சமையலறையில் பால் பொங்கியது. தங்கை துணியை எடுக்க மறந்து பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்தாள். தோல் ஒட்டிப் பிரியும் சத்தம் அக்காவுக்குக் கேட்டது. வாடையும் வந்தது. ஐயோ என்று கத்த வேண்டும், ஸ்ஸென்று மூச்சை உறிஞ்ச வேண்டும். தங்கை வாயைத் திறந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அப்போது வெளியே விடும் நேரம். அவள் நின்றாள். உடம்பு நடுங்க, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆறு முடியும்வரை நின்றாள். முடிந்தபின் இழுத்தாள்.

"சுட்டுடுச்சு," என்றாள் மெதுவாக.

அக்கா அவள் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு, "நாளையிலிருந்து நீ அங்க போக வேணாம்" என்றாள்.

"எங்க?"

"அந்தக் கண்ணை மூடற கூத்துக்கு."

தங்கை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போகாட்டி எப்படிக்கா மூச்சு விடறது?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

புதன்கிழமை அவள் மனிதவள மேடத்திடம் போனாள். மேடத்தின் அறையில் மட்டும் ஜன்னல் திறந்திருந்தது. மேடம் தியானத்துக்குப் போவதில்லை, நேரம் கிடைப்பதில்லையாம். அவளுடைய மூச்சு அவளுடையதாகவே இருந்தது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"மூச்சு வாத்தியாரைப் பார்க்கணும், மேடம்."

"அவர் எங்க இருக்கார்? போன மாசமே நிறுத்திட்டோமே."

"அப்ப யாரு நடத்தறது?"

"யாரும் நடத்தல. அவங்களே போய் உட்கார்ந்துக்கறாங்க. நல்ல பழக்கம் தானா வருது பாருங்க." மேடம் குரலைத் தாழ்த்தினாள். வம்பு பேசுவதில் அவளுக்கு ஒரு தனி ஆனந்தம். "அந்த ஆளுக்குத் தூக்கமே வரலையாம். பயமா இருக்கு, தூங்கப் பயமா இருக்குன்னு எங்கிட்ட வந்து அழுதார். ஊருக்கெல்லாம் அமைதி சொல்லிக் குடுக்கற ஆள். இப்ப நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரியில கிடக்காராம். மூச்சு வாத்தியாருக்கே மூச்சுத் திணறல்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவளுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டியதுதான். ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

வியாழக்கிழமை காலை, முந்தின நாள் பதிவுகளைத் திறந்தாள். மூச்சு கெட்டிருந்தது. நாலு எண்ணுவதற்குள் இழுப்பு அறுந்தது. ஆறுக்கு மேலும் நீண்டு இழுபட்டது விடுதல். மதியத்துக்கு மேல் பேசிய ஒவ்வொரு குரலுக்கு அடியிலும், பாத்திரத்தில் அடிப்பிடித்த கஞ்சி கொதிப்பதுபோலச் சளி குமிழியிட்டது. இருபது வயதுப் பெண்ணின் அழைப்பில் அது. தும்மல்காரரின் அழைப்பில் அது. தங்கையின் அழைப்பிலும்.

அம்மாவின் கடைசி இரண்டு நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் அவள். இது என்ன சத்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிப் பதிவுவரை கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றிப் போட்டுத் தங்கையின் மேஜைக்கு ஓடினாள். மணி மூன்றாகிப் பத்து நிமிஷம். நாற்காலிகள் காலி. மேஜை மேஜையாக ஹெட்போன்கள் கிடந்தன. எல்லாவற்றிலும் புல்லாங்குழல் கொசுபோல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அமைதி என்று ஒட்டியிருந்த கதவுக்கு வெளியே செருப்புகள், ஷூக்கள், ஒரே நேர்கோட்டில், எல்லாம் கதவைப் பார்த்தபடி.

திறந்தாள்.

புதுக் கம்பளத்தின் பசை வாடை, அதன்மேல் தெளித்த பூ வாடை, அதற்கும் அடியில், பல பேர் ஒரே காற்றைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுத்து வெளியே விட்டதில் வந்த, வெதுவெதுப்பான, புளித்த ஒரு வாடை. மூலையில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. வரிசை வரிசையாக முதுகுகள். மேலாளரும் இருந்தார். இழுப்பு. குமிழிச் சத்தம். முதுகுகள் உயர்ந்தன. நின்றன. ரொம்ப நேரம் நின்றன. இறங்கின.

தங்கை இரண்டாவது வரிசையில் இருந்தாள். கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது. அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். கனத்தாள். இழுத்துக்கொண்டே கதவுக்கு வந்தாள். யாரும் கண் திறக்கவில்லை.

இன்னொரு இழுப்பு. சின்னது.

பிறகு விட்டது. நீளமாக, ஆறைத் தாண்டி, பத்தைத் தாண்டி, எல்லா வாய்களிலிருந்தும் ஒரே நேரத்தில், தரையில் தண்ணீர் பரவுவதுபோல. முடிந்தது.

அடுத்தது வரவில்லை.

அவள் எண்ணினாள். ஐந்து. பத்து. இருபது. புல்லாங்குழல் கேட்டது. எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அறையில் ஒன்றும் அசையவில்லை. முப்பது. தங்கையின் உதடு நீலம் பாய்ந்தது. கன்னத்தில் அறைந்தாள். "இழுடீ. இழு." இமைக்குள் கருவிழி மேலே போயிருந்தது. முன்வரிசையில் யாரோ பக்கவாட்டில் சரிந்தார்கள். மெத்தென்று ஒரு சத்தம். இன்னொன்று.

நடையில் தங்கையைக் கிடத்தினாள். மூக்கை அடைத்தாள். வாயோடு வாய் வைத்தாள். ஊதினாள்.

தங்கையின் நெஞ்சு உயர்ந்தது.

திறந்த கதவுக்குள், முப்பத்தேழு நெஞ்சுகளும் உயர்ந்தன.

அவள் வாயை எடுத்தாள். எல்லாம் இறங்கின. திகைப்பில் தானாக ஒரு மூச்சு இழுத்தாள். இழுத்தார்கள். விட்டாள். விட்டார்கள். அவளுக்கு நெஞ்சு படபடத்து மூச்சு இறைத்தது. அறை முழுக்க நாய்க்கூட்டம்போல இறைத்தது. உதடுகள் மறுபடி நிறம் மாறத் தொடங்கின. மெதுவாக, என்று தனக்குச் சொன்னாள். நாலு எண்ணினாள். ஆறு எண்ணினாள். நாலு. ஆறு. மூன்றரை மணி அடித்தது. எல்லோரும் கண்ணைத் திறந்து, சோம்பல் முறித்து, செருப்பு மாட்டிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள்.

"ஏன்க்கா இப்படி முழிக்கிற?" என்றாள் தங்கை, தரையில் எழுந்து உட்கார்ந்து. அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

பதில் சொல்ல மூச்சு வேண்டும். அதை எங்கே நிறுத்துவது, எங்கே வாங்குவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. பேசாமல் தலையை ஆட்டினாள்.

ஐந்து மணிவரை மேஜையில் உட்கார்ந்து எண்ணினாள். வேறெதுவும் செய்யவில்லை. தொண்டை அரித்தது. இருமவில்லை. ஒருமுறை கவனம் தப்பிக் கொட்டாவி வந்துவிட்டது. கூடம் முழுக்க வாய்கள் பிளந்தன. மனிதவள மேடம் கைப்பையோடு வந்து அவள் மேஜையில் சாய்ந்து நின்றாள்.

"உங்க வாத்தியார் போயிட்டாராம். மூணேகாலுக்கு. இப்பதான் போன் வந்தது." மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கு எல்லாரையும் நிக்கவெச்சு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி வெச்சுடலாம். சும்மா ஒரு நிமிஷம். நீங்களும் வாங்க, முகமே சரியில்ல உங்களுக்கு. கொஞ்சம் தியானம் பண்ணுங்க." போய்விட்டாள்.

வேலை முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். தங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீ மெதுவா வா, நான் எதிர்ல பஸ் ஸ்டாப்புல நிக்கறேன்" என்றாள். அவளைத் தடுக்கவும் பேச வேண்டும். அதற்குள் அவள் படியில் இறங்கிவிட்டாள்.

இரண்டாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள். இன்னும் வெயில் இருந்தது. பெரிய ரோடு, ஆறு வரிசை வண்டிகள், சிவப்பு விளக்கில் உறுமிக்கொண்டு நின்றன. அலுவலகம் மொத்தமும் கோடு போட்ட இடத்தில் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. மேலாளர், டெக்னீஷியன், தும்மல்காரர், முன்னால் தங்கை, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. இன்றிரவு தூங்க வேண்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. நாளைக்கும். அதற்கு மறுநாளும். மூச்சு வாத்தியார் ஒரு மாதம் தாக்குப்பிடித்திருந்தார்.

அழுகை வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சை அடைத்து, தொண்டையில் வந்து பந்தாக நின்றது. விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை. விடப் பார்த்தாள். அதுவும் முடியவில்லை. மூச்சு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் மாட்டிக்கொண்டது.

கீழே அவர்கள் நின்றார்கள்.

கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். தொண்டை திறக்கவில்லை. விளக்கு பச்சைக்கு மாறியது. நடு ரோட்டில், ஒருவர்கூடக் காலை நகர்த்தாமல், முப்பத்தெட்டுப் பேரும் தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து, அவள் நின்ற ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.